அடுப்படியில் ஒரு டிம் சுவிட்ச்

பழைய அம்பாசடர் ஹெட்லைட்டைச் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டியிருக்கிறான் மகன். அலங்காரமாம்! சாயங்காலமானால் தானாக எரிந்து கண்ணைக் குத்துகிறது. குறைக்க வேண்டுமென்றால் செல்போனில் ஆப் வேண்டும். அவனோ ஆபீசில்.

நான் சிறுவனாக இருந்தபோது, ஆஸ்டின் டவுன் வீட்டில் டாக்சி டிரைவரான என் அப்பாவும் அடுப்படிச் சுவரில் இதையேதான் செய்தார். கரண்ட் போனால் கார் பேட்டரியில் எரியும்.

"இன்னாய்யா இது? எதிர்ல லாரி வர்ற மாதிரி கண்ணு கூசுது!" என்று அம்மா கத்தினாள்.

மறுநாளே, காரில் டிரைவர் காலால் அழுத்துகிற டிம் சுவிட்சையும் கொண்டுவந்து அடுப்படித் தரையில் பொருத்தினார் அப்பா.

"இடது கால்ல டிம் அடிச்சுக்கோ."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் குழம்பைப் பார்க்க பிரைட், அப்பாவைப் பார்க்க டிம் என்று அவள் கால் பழகிவிட்டது.

"ஆப் டவுன்லோட் பண்ணிக்கோங்கப்பா" என்கிறான் மகன் போனில்.

"பாஸ்வேர்டு கேக்குதுடா!" என்று கத்துகிறேன். மேசைக்கடியில் என் இடது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது.