கடைசி நான்கு பக்கங்கள்

பஜ்ஜி மடித்து வந்த தாளில் எண்ணெய் வாசனை வரும்போதெல்லாம், குற்றாலத்தில் இப்போது கார்கள் நிற்கும் இடத்தில் அன்றிருந்த விடுதிச் சலவைக் கொட்டகைக்குப் போய்விடுகிறேன். சாரல் மாதங்களில் அம்மா ஈரத் துண்டுகளைப் பிழிந்தபடியே, குளிக்க வந்தவர்கள் விட்டுப்போன எண்ணெய்க்கறை நாவல்களை அக்கா வாசிக்கக் கேட்பாள். நான் ஒப்பித்த பாடத்தை ஒருநாளும் கேட்டதில்லை. பொறாமையில் ஒரு நாவலின் கடைசி நான்கு பக்கங்களைக் கிழித்து ஒளித்தேன். அக்கா திணறாமல், வாசிப்பதுபோலவே ஒரு முடிவைச் சொன்னாள். அம்மா பிழிவதை நிறுத்திவிட்டு அழுதாள். பக்கங்களை நீட்டினேன்.

“எம்மா, அவ பொய் சொல்லுதா. முடிவு இங்கன இருக்கு.”

“ஏலே, அதை அடுப்புல போடு. அவ சொன்னதுதாம்லே கத.”

பிற்காலத்தில் தாலுகா அலுவலகத்தில் ஆதாரமில்லாத மனுக்கள் எத்தனையோ தள்ளினேன். முழு ஆதாரத்தோடு போயும் தள்ளுபடியானது, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். அக்காவை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.