கரடியூரில் தள்ளி நிற்கச் சொன்னது

ஆத்தூரில் காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறினேன். கேமராப் பையைத் திறந்து மெமரி கார்டு இருக்கிறதா என்று பார்த்தேன். வாழப்பாடி தாண்டியதும் மறுபடி பார்த்தேன். இருந்தது. அது தெரிந்தும் சேலத்தில் இறங்குவதற்குள் இன்னொரு முறை பார்த்தேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆத்தூரில் பதினேழு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், இறந்தவர்களுக்கு மாலை போட ஃபிரேம் படம், இதுதான் தொழில். போன வருடம் சேலத்தில் படம் எடுப்பவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய கண்காட்சிக்குப் பத்துப் படம் கொடுத்தேன். பார்க்க வந்த ஒருவர் பத்தையும் நின்று பார்த்துவிட்டு, "சுத்தமா எடுத்திருக்கீங்க. ஆனா கீழ இருக்கற பேரை மறைச்சிட்டா, இது யார் எடுத்ததுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் ஒரு வருடமாக அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இந்த வருடமும் பத்துப் படம் கேட்டிருந்தார்கள். அதில் ஒன்றாவது என்னுடையது என்று சொல்லும்படி அமையாவிட்டால் இந்த ஆசையையே விட்டுவிடுவது என்று முடிவு செய்து ஏற்காட்டுக்குக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை, காலை எட்டரை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதியிருக்கிறது, எண்ணாமல் இருக்க முடியவில்லை. டிரைவர் ஒற்றைக் கையால் திருப்பிக்கொண்டு கண்டக்டரிடம் மச்சான் வீட்டு விசேஷம் பேசிக்கொண்டு வந்தார். பதிமூன்றாவது வளைவில் நான் கம்பியை இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்த கண்டக்டர், "ஏனுங்க, கம்பியக் கழட்டி ஊட்டுக்குக் கொண்டுபோயிறாதீங்க. இதுக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றார். பஸ்ஸே சிரித்தது.

ஏரிக்குப் பக்கத்தில் லாட்ஜ், ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம். பையை வைத்துவிட்டு ஏரியைப் போய்ப் பார்த்தேன். படகு, பனி, கரையில் தைல மரம். எடுத்தேன். கேமராவின் திரையில் பார்த்தபோது மாதக் காலண்டரின் மேல்பாதி மாதிரி இருந்தது.

மதியம் இரண்டு மணி. சேகர் என்பவருடைய ஆட்டோவில் கரடியூர். போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்து எழுநூறு. வழியெல்லாம் காப்பித் தோட்டம், சவுக்கு மாதிரி நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. பழம் பறிக்கிற காலம். எஸ்டேட் வாசல்களில் சாக்குகள் அடுக்கியிருந்தன. சேகர் சேலத்துக்காரர். "எல்லாரும் இங்கதான் வந்து புடிக்கறாங்க. பாறையில ஏறி நின்னு அந்தப் பள்ளத்தைப் புடிங்க, தப்பே வராது" என்றார். தப்பே வராத இடம் என்றதும் எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது.

பாறைக்கு எதிரே ஒரு டீக்கடை. பாறையில் கேமரா முக்காலியை ஊன்றினேன். கீழே சமவெளி புகைபோலத் தெரிந்தது. மேகம் ஒன்று விலகிக்கொண்டிருந்தது, அது நகர்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. முக்காலியில் மாட்டுமுன் வெளிச்சத்தைச் சோதிக்கக் கேமராவைக் கையில் தூக்கினேன். அதற்குள் விறகுச் சுமையோடு ஒரு அம்மா ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்து சரியாகப் படத்துக்குள் நின்றுவிட்டார். அறுபது வயதிருக்கும். சுமையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், "அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க. படத்துல விழறீங்க" என்றேன். அவர் ஏதோ சொன்னார். அதே நேரம் வெளிச்சம் சரியா என்று பார்க்க என் விரல் தானாக ஒன்று தட்டியது. பிறகு நகர்ந்து போனார். நான் அறுபது படம் எடுத்தேன்.

அன்று மாலை லாட்ஜில் உட்கார்ந்து பார்த்தேன். அறுபதும் சுத்தமாக இருந்தன. பேரை மறைத்தால் யாருடையதாகவும் இருக்கலாம்.

சனிக்கிழமை, காலை ஏழு. கதவு தட்டும் சத்தம். முப்பது வயது ஆள் ஒருவர் வெளியே நின்றிருந்தார், சட்டையெல்லாம் மண். பின்னால் சேகர்.

"ஏனுங்க, நேத்து கரடியூர் பாறையில படம் புடிச்சது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"எம் பேரு வெள்ளையனுங்க. விறகு கொண்டுக்கிட்டு வந்துச்சே, அது எங்கம்மா. நேத்து பொழுது எறங்கறப்ப தவறிப் போயிருச்சுங்க."

எனக்கு முதலில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். நான் தள்ளி நிற்கச் சொன்னேன், அந்த அம்மா தள்ளிப் போய்ப் பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். "பாறையிலயாங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. ஊட்டுக்கு வந்து சோறு ஆக்கிட்டுத்தான் இருந்துச்சு. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆட்டோவுல ஏத்தி டவுனுக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சுதுங்க." பிறகு வந்த காரணத்தைச் சொன்னார்: "எங்ககிட்ட ஒரு படம் இல்லீங்க. போன எடுத்தாலே முந்தானையில மூஞ்சிய மூடிக்கும். ஆதார் கார்டுல இருக்கறது கரி புடிச்ச மாதிரி இருக்குது. நாளைக்குக் காலையில பால் ஊத்தறோம். படத்துக்கு முன்னால வெளக்கு வைக்கணும். நீங்க புடிச்சீங்கன்னு டீக்கடையில சொன்னாங்க."

நான் எடுக்கவில்லை, தள்ளி நிற்கச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்றேன். அம்மாவின் பெயர் சின்னப்பொண்ணு என்று சொல்லிவிட்டு, அடக்கத்துக்கு ஆள் காத்திருப்பதாக வெள்ளையன் போய்விட்டார்.

நான் எந்தப் படத்தையும் அழிக்க மாட்டேன். நல்லதை அழித்துவிடுவேனோ என்ற பயம். அந்தப் பயம் முதல்முறையாக உதவியது. வெளிச்சம் சோதிக்கத் தட்டிய படத்தில் சின்னப்பொண்ணு இருந்தார். தலையில் விறகு, கழுத்து நரம்பு புடைத்திருக்க, என்னை நேராகப் பார்த்து முறைத்துக்கொண்டு, வாயைத் திறந்து ஏதோ சொல்கிற நேரத்தில் விழுந்திருந்தார்.

பிறகு நான் செய்தது என் ஸ்டூடியோ வழக்கம். லேப்டாப்பில் விறகை எடுத்தேன். வேர்வையைத் துடைத்தேன். முகத்தை இரண்டு சுற்று வெளுப்பாக்கினேன். வாயை மூடினேன். கழுத்துக்குக் கீழே கைவசம் வைத்திருக்கும் மெரூன் பட்டுச் சேலையைப் பொருத்தி, பின்னால் நீல வானம் வைத்தேன். ஆத்தூரில் எல்லாருக்கும் இப்படித்தான் செய்து தருகிறேன், கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போகிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பிரிண்ட் போட்டு ஃபிரேம் மாட்டினேன்.

மாலை நாலு மணி, கரடியூர். ஓட்டு வீடு, வாசலில் தார்ப்பாய்ப் பந்தல். சின்னப்பொண்ணின் மகள் ராசாத்தி கையில் படத்தைக் கொடுத்தேன். அவர் பார்த்தார். தம்பி வெள்ளையனிடம் கொடுத்தார். அது கை மாறிப் பந்தல் முழுக்கப் போய்வந்தது. மறுபடி ராசாத்தியிடமே வந்தது.

"யாருங்க இது?" என்றார் ராசாத்தி.

"அம்மாதாங்க."

"சேலத்துல ஏதோ நகைக்கடையம்மா மாதிரி இருக்குது."

பந்தலில் ஒருவர் மெதுவாக, "சின்னப்பொண்ணு வாய மூடி நான் பாத்ததே இல்ல" என்றார். யாரோ சிரித்து அடக்கினார்கள். வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு முன்னால வெளக்கு வெச்சா, யாருக்கு வெச்சோம்னு எங்களுக்கே தெரியாதுங்க" என்றார்.

நான் கேமராவை எடுத்து, அந்தச் சோதனைப் படத்தைத் திரையில் காட்டினேன். ராசாத்தி வாங்கிப் பார்த்தார். அடுத்த நொடி கேமராவைத் தம்பி கையில் திணித்துவிட்டு, தார்ப்பாய்க் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இதுதான். இதேதான். திட்டறப்ப இப்படித்தான் இருக்கும்."

அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவர் கேட்டார். "என்னங்க சொல்லுது இதுல?"

எனக்குத் தெரியவில்லை. ஐந்தடி தூரத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். மேகம் போய்விடுமே என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் கேட்டது, சொல் காதில் ஏறவில்லை. "நான் கவனிக்கலீங்க. அவங்களைத் தள்ளி நிக்கச் சொன்னேன்" என்றேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"வழிய மறிச்சு நின்னுக்கிட்டு என்னையத் தள்ளிக்கச் சொல்றியான்னு கேட்டிருக்கும்" என்றார் வெள்ளையன்.

"இல்லடா. டீ குடிச்சியா சாமின்னு கேட்டிருக்கும். யாரைப் பாத்தாலும் அதைத்தான கேக்கும்" என்றார் ராசாத்தி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைக்கவில்லை. எதற்கு அசைத்தாலும் பொய்.

ஞாயிறு, காலை ஆறரை. முந்தின மாலையே அதே கடையில் எதையும் தொடாமல் பிரிண்ட் போட்டிருந்தேன். விறகு, வேர்வை, திறந்த வாய், ஓரத்தில் என் முக்காலியின் ஒரு கால் உட்பட. அதைச் சுவரோரம் வைத்து விளக்கேற்றினார்கள். கேமரா பைக்குள்ளேயே இருந்தது. பால் ஊற்றிவிட்டு வந்தபிறகு ராசாத்தியிடம் கேட்டேன், இந்தப் படத்தைக் கண்காட்சிக்குக் கொடுக்கலாமா என்று.

அவர் யோசிக்கவில்லை. "வேண்டாங்க. ஊரு பாக்க அது எதுக்குங்க? மூஞ்சியக் காட்டாம இருந்த மனுசி. ஊட்டுல இருந்தாப் போதும்."

பதினொன்றரை பஸ்ஸில் மலையிறங்கினேன். வளைவுகளை எண்ணவில்லை. அந்தக் கண்காட்சிக் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பார்வையிலுள்ள எரிச்சல் என்மேல் பட்ட எரிச்சல். அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் அது விழுந்திருக்காது. பேரை மறைத்தாலும் அது என் படம்தான். நான் எப்படிப்பட்டவன் என்பது அதில் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அதை யாருக்கும் காட்ட முடியாது. கண்காட்சிக்காரர்களுக்கு போன் செய்து, இந்த வருடம் என்னிடம் படம் இல்லை என்றேன்.

ஆத்தூரில் ஸ்டூடியோவைத் திறந்தபோது சுவரில் மாதிரிக்கு மாட்டிய பதினோரு முகங்களும் ஒரே வெளுப்பில், ஒரே வானத்தின் முன் வாய்மூடிப் பார்த்தன. சாயங்காலம் ஒருவர் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தும் பேச்சை நிறுத்தவில்லை, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியதைப் பற்றி ஏதோ. ஒரு நாளைக்கு இருபது முறை சொல்கிற வார்த்தைதான், "வாய மூடுங்க, நேராப் பாருங்க". அது நாக்கு வரை வந்தது.

கேமராவைக் கீழே வைத்தேன். "முடிச்சிருங்க. அப்புறம் எடுக்கலாம்" என்றேன்.