காதுகுத்துக்கு ஐந்து ஸ்டார்

ஹார்ட் டிஸ்க்கில் குவிந்து கிடந்த குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் ஒழுங்குபடுத்த, மகள் ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தாள். பத்தாவதைத் தாண்டாத நான் உடனே நிபுணனாகிவிட்டேன். பிடித்தவற்றுக்கு மதிப்பெண் மாதிரி ஸ்டார் போட்டு, ஸ்டார் இல்லாத படம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று ஃபில்டர் வைத்தேன்.

இன்று கணியம்பாடியிலிருந்து மச்சான் மலைமேலிருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார், என் மனைவியின் தம்பி. மகள் காதுகுத்துக்குத் தாய்மாமனாகச் சீர் கொண்டுவந்த வீடியோவைப் பார்க்கவேண்டுமாம்.

தேடினேன், தேடினேன், காணவில்லை.

"இன்னா மாமா, என் சீரை அழிச்சிட்டீங்களா?"

அடுப்படியிலிருந்து மனைவி: "எங்க வூட்டு ஆளுங்கன்னா உனக்கு எப்பவுமே எளக்காரம்தான்!"

தாய்மாமன் கோபம் பற்றி அந்த சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும்?

மகள் வந்து ஃபில்டரை எடுத்ததும் வீடியோ வந்தது. "அதுக்கு நீ ஸ்டாரே போடலப்பா, அதான் மறைஞ்சிடுச்சி."

மச்சான் எழுந்தேவிட்டார். "எம்மாந் தட்டு சீரு எடுத்தாந்தேன், ஒரு ஸ்டாருகூட இல்லியா?"

அவர் கண்ணெதிரிலேயே ஐந்து ஸ்டார் போட்டேன். பிறகுதான் உட்கார்ந்தார், மூன்று மணி நேர வீடியோவையும் முழுக்கப் பார்த்தார்.

இப்போது 'சிறந்த படங்கள்' என்று தேடினால் காதுகுத்துதான் முதலில் வந்து நிற்கிறது.

இதைவிட நல்ல படம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். மச்சான் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்.