இடப்பக்கத்துப் பெட்டி

ஒரு சோடி ஸ்பீக்கர் பெட்டி வாங்குவதற்காக நான் நாலு மாதம் கைப்பேசியைத் தேய்த்தேன். காலையில் வேலைக் கொட்டிலைத் திறக்குமுன் இரண்டு விமர்சனம், மத்தியானம் சோறு ஆறும்வரை ஒன்று, மாதா கோவிலில் பிரசங்கம் நீண்டுவிட்டால் குனிந்துகொண்டு இன்னொன்று. என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "என்னைப் பொம்பிளை பாக்க வரேக்குள்ள கூட நீங்கள் இவ்வளவு விசாரிக்கேல்லை" என்றாள். அது உண்மைதான். அவளைப் பற்றி ஒரே ஒரு ஆளிடம்தான் விசாரித்தேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருந்தது பாட்டுப் பைத்தியம் அல்ல, பயம். மன்னார்த் தீவின் இந்தக் கரையில் முப்பது வருடமாகப் படகு எஞ்சின் திருத்துகிறேன். எனக்குப் பெயர் வந்தது காதால். எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவில் இறக்கி ஓடவிட்டு, இடது காது கிட்ட வரத் தலையைச் சரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் போதும், எந்தச் சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை, எந்தப் பெயரிங் தேயத் தொடங்கிவிட்டது என்று சொல்லிவிடுவேன். கழற்றிப் பார்ப்பது பிறகுதான். "அண்ணை கேட்டிட்டாரோ?" என்றுதான் கரையில் கேட்பார்கள். கேட்டுவிட்டேன், சரி என்று நான் சொன்னால், அந்த எஞ்சினை நம்பி மனிதர்கள் கரை தெரியாத தூரத்துக்குப் போவார்கள்.

அந்தக் காது போகத் தொடங்கிவிட்டதோ என்றுதான் பயம். வீட்டு ரேடியோவில் பாட்டு மங்கலாகக் கேட்டது. வயலின் வரவேண்டிய இடத்தில் பஞ்சை அடைத்துவிட்டதுபோல இருந்தது. காதில் பிழை என்று நினைக்க எனக்கு மனம் வருமா? ரேடியோ பழசு, ஸ்பீக்கர் இறந்துவிட்டது, நல்ல பெட்டி இரண்டு வாங்கினால் எல்லாம் தெளியும் என்று முடிவுகட்டினேன். முடிவுகட்டினேனே தவிர, நெஞ்சுக்குள் ஒரு இடி இருந்துகொண்டே இருந்தது.

விமர்சனம் எழுதுகிறவர்கள் வேறு ஒரு உலகத்து மனிதர்கள். எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு, அதனால் கைப்பேசியையே தமிழாக்கச் சொன்னேன். "இந்தப் பெட்டியின் நடுப்பகுதி சூடானது, மேற்பகுதி காற்றோட்டமாக உள்ளது, அடிப்பகுதி இறுக்கமானது" என்று அது சொன்னது. அட கடவுளே, இது ஸ்பீக்கரா காற்சட்டையா என்று ஏசிக்கொண்டே அடுத்ததை வாசித்தேன். எந்த நாட்டிலோ ஒருவன், தான் வாங்கிய பெட்டிகளில் இடதுபக்கத்தது மூன்று மாதத்தில் மங்கிவிட்டது என்று குறைப்பட்டிருந்தான். அதை வாசித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படியும் நடக்குமாம், பெட்டிகள் மங்குமாம் என்று அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

வாசித்தால் போதாது, கேட்டுப் பார்த்து வாங்கு என்று எல்லா விமர்சனமும் சொல்லிற்று. எங்கே போய்க் கேட்பது? எங்கள் பக்கத்தில் ஸ்பீக்கர் என்றால் திருவிழாவுக்குத் தென்னையில் கட்டுவது. முருங்கனில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட ஒரு கடை இருந்தது. பஸ் ஏறிப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டு, கண்ணாடி அலுமாரி நடுங்குவதைக் காட்டி, "எப்பிடி அடிக்குது பாருங்கோ ஐயா!" என்று கத்தினான்.

"கொஞ்சம் குறையும் தம்பி, மெல்லமாக் கேக்கவேணும்" என்றேன்.

"மெல்லமாக் கேக்கிறதுக்கு ஏன் ஐயா ஸ்பீக்கர்?"

அந்தச் சத்தத்தில் செத்தவனுக்கும் காது கேட்கும். எனக்கு வேண்டிய பதில் அங்கே கிடைக்காது என்று தெரிந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

கடைசியில் எருக்கலம்பிட்டியில் ஒருவரைப் பிடித்தேன். ஜப்பானில் பாவித்த பழைய சாமான்களை இறக்கி வீட்டு முன்னறையில் வைத்து விற்கிறவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார், இரண்டு பேருக்கும் வயது ஒன்றுதான். முழங்கால் உயரத்தில் மரப்பெட்டி ஒரு சோடி காட்டினார். அதைப் பற்றி நான் ஏற்கனவே பதினொரு விமர்சனம் வாசித்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்க வச்சுக் கேட்டா விளங்காது அண்ணே. ஒரு கிழமை வீட்டுல கொண்டுபோய் வச்சுக் கேளுங்க. பிடிக்காட்டித் திருப்பித் தாங்க" என்றார். பெட்டிகளுக்குச் சத்தம் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயரையும் தந்துவிட்டார். ஓட்டோவில் பெட்டிகளை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் மனைவி மறித்தாள். "இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரோ? தவக்காலம் தொடங்கி ரெண்டாம் கிழமை. இப்பவோ பாட்டுப்பெட்டி?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது. பயத்தில் நாட்காட்டியை மறந்திருக்கிறேன். தவக்காலத்தில் எங்கள் வீடுகளில் சினிமாப் பாட்டுக் கிடையாது, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பசாம் மட்டும்தான். யேசுநாதரின் பாடுகளை இழுத்து இழுத்துப் பாடுகிற ஒப்பாரிப் பாட்டு அது. எங்கள் கோவிலில் ஆண்கள் வலதுபக்கமும் பெண்கள் இடதுபக்கமும் நின்று, ஒரு அடி அவர்கள், ஒரு அடி இவர்கள் என்று மாறி மாறிப் பாடுவார்கள். போன வருடம் யாரோ ஆளுக்கொரு பக்கம் மைக் வைத்துப் பதிந்ததை எல்லோருடைய கைப்பேசிக்கும் அனுப்பியிருந்தார்கள். "அதைப் போடலாம்தானே?" என்று கெஞ்சினேன். "அதெண்டாப் போடுங்கோ, நானும் பாடியிருக்கிறன்" என்று விட்டுக்கொடுத்தாள்.

அதே கிழமை ஒரு படகுக்காரர் எஞ்சினைக் கொண்டுவந்தார். பதினைந்து வருடமாக என்னிடம்தான் வருகிறவர், மருமகனோடு கடலுக்குப் போகிறவர். "வேகம் குறைக்கேக்குள்ள டிக், டிக் எண்டு ஒரு சத்தம் அண்ணை" என்றார். பீப்பாவில் ஓடவிட்டுக் கேட்டேன். எனக்கு ஒரு டிக்கும் கேட்கவில்லை. திரும்பக் கேட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது எஞ்சினைக் கழற்றியிருக்கவேண்டும். கழற்றினால் எனக்குக் கேட்கவில்லை என்று ஆகிவிடுமே என்று, "அது உங்கட மனப்பிராந்தி. கொண்டு போங்கோ" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவி கோவில் கூட்டுவதற்குப் போன ஒரு பின்னேரம், பெட்டிகளை விமர்சனத்தில் சொன்ன அளவுக்குத் தள்ளி வைத்து, நடுவில் கதிரையைப் போட்டு, பசாமைப் போட்டேன். ஆண்கள் பக்கத்தில் நின்று பாடினார்கள். பெண்கள் எங்கோ மதிலுக்கு அந்தப் பக்கம், நாலு வீடு தள்ளிப் பாடினார்கள். என் மனைவியின் குரலைத் தேடினேன். அது இல்லவே இல்லை.

இடப்பக்கத்துப் பெட்டிதான் பிழை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று அடிக்காவிட்டால், பிளக்குகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுவோம். பிழை பிளக்கோடு மற்றப் பக்கம் போனால் பிளக் பழுது, போகாவிட்டால் பழுது வேறு எங்கேயோ. அதேபோல வயர்களை அப்படியே விட்டு, பெட்டிகளை மட்டும் இடம் மாற்றினேன். பெண்கள் அதே நாலு வீடு தள்ளியே நின்றார்கள். சரி, பெட்டியில் பிழையில்லை. அப்ப அறைதான். வெறும் சன்னல் சத்தத்தைக் குழப்பும் என்று விமர்சனத்தில் படித்தேனே! கட்டில் விரிப்பை எடுத்துச் சன்னலில் கட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

இனி மாற்றிப் பார்க்க அந்த அறையில் ஒரே ஒரு சாமான்தான் மிச்சம். கதிரையைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

ஆண்கள் நாலு வீடு தள்ளிப் போனார்கள். பெண்கள் என் வலது காதுக்குள் வந்து பாடினார்கள். அதற்குள் என் மனைவி, இழுவையில் மூச்சு முட்டி, கடைசிச் சொல்லை விழுங்கிக்கொண்டு, தெளிவாகப் பாடினாள். பிழை என்னோடு திரும்பியிருந்தது. நான் அழுதேன். வீட்டில் ஒருவரும் இல்லாதபடியால் சத்தமாகவே அழுதேன்.

மனைவி வந்து, "என்ன, பெட்டி பிடிச்சுதோ?" என்றாள். "இடப்பக்கத்துப் பெட்டி கொஞ்சம் சரியில்லை" என்றேன். அதைச் சொல்லி வாய் மூடுமுன்தான் அந்தப் படகுக்காரரின் எஞ்சின் ஞாபகம் வந்தது.

அவருடைய கைப்பேசிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கரைக்கு ஓடினேன். படகு போய்விட்டது. "நேரத்தோடை இறங்கீட்டினம்" என்றார்கள். மணலில் நின்றேன். இருந்தேன். திரும்ப எழும்பினேன். கைப்பேசியில் இன்னொரு தரம் அடித்தேன், கடலுக்குள் எங்கே எடுபடும்? ஒவ்வொரு படகும் வரும்போது எந்த எஞ்சின் என்று கேட்டுப் பிடிக்கப் பார்த்தேன். முந்தி கரையில் மீன்வாடிக் குடிசைக்குள் இருந்தபடியே ஆளின் பெயர் சொல்வேன். அன்று எல்லாம் ஒரே இரைச்சலாக வந்தது. மாதாவே, அந்த ரெண்டு பேரையும் கொண்டுவந்து சேர் என்று கேட்டேன். கேட்ட வாயோடு, எஞ்சினில் பிழை இருக்கக்கூடாது என்றும் கேட்டேன். எனக்காகத்தான் அதைக் கேட்டேன்.

வெயில் ஏறிய பிறகு இன்னொரு படகின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு அவர்கள் வந்தார்கள். மாமனும் மருமகனும் வெயிலில் கருகி, உதடு வெடித்து, ஆனால் முழுதாக வந்தார்கள். படகுக்காரர் இறங்கினதும் என்னைக் கண்டு, தானே எனக்காக வாதாடத் தொடங்கினார். "உங்களிலை பிழையில்லை அண்ணை. நீங்கள் கேட்டுத்தானே தந்தனீங்கள். உங்கட காதுக்குத் தப்பினது ஒண்டு இருக்கோ? இது கடலிலை புதுசா வந்த பழுது" என்றார். சுற்றி நின்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள்.

அந்த ஓமைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது. ஆனால் மருமகன் தண்ணீர்ப் போத்திலை வாயில் வைத்தபடி, பாதியை நெஞ்சில் ஊற்றிக்கொண்டு நின்றான்.

"புதுப் பழுதில்லை" என்றேன். "அண்டைக்கே இருந்தது. எனக்கு இடது காது கேக்கிறேல்லை. சந்தேகம் இருந்தும் சொல்லாமல் விட்டிட்டன்."

படகுக்காரர் என் இடதுபக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, காற்று இரைந்தது. "என்ன? திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் ஈர மணலில் என்னைச் சுற்றி வந்து, வலதுபக்கத்தில் நின்று, என் தோளில் கையை வைத்துச் சொன்னார்: "எஞ்சினை ரவுணிலை வேறை மெக்கானிக்கிட்டைக் கொண்டு போறன் அண்ணை. குறை நினையாதேங்கோ. மருமோனையும் ஏத்திக்கொண்டெல்லோ போறனான்."

ஒரு சொல்லும் தப்பாமல் எனக்குக் கேட்டது.