ரோபோவின் நெற்றியில் பொட்டு

இன்னும் இருபது வருடத்தில் விஞ்ஞானம் மதத்தை மறக்கடித்துவிடும் என்று நேற்று இங்கே எழுதியிருந்தேன். பாதிப் பேர் கைதட்டினீர்கள், பாதிப் பேர் திட்டினீர்கள்.

இன்று காலை எங்கள் ஓசூர் தொழிற்சாலையில் வெல்டிங் ரோபோ தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டது. பதினோரு மணிக்கு கஸ்டமர் பார்வையிட வருகிறார். திரையில், சென்சாரை ஏதோ மறைக்கிறது என்று வந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாகலூரிலிருந்து வரும் ஆபரேட்டர் மஞ்சுளாக்கா வாராவாரம் வெள்ளிக்கிழமை அதற்குப் பொட்டு வைப்பவர்.

"எத்தன வாட்டி சொல்றது அக்கா? சென்சார்ல குங்குமம் வெச்சா மெஷின் எப்படி ஓடும்?"

அவர் பதறவே இல்லை.

"சார், அது மெஷினோட கண்ணு. கண்ணுல யாராவது பொட்டு வெப்பாங்களா? கண்ண நல்லா தொடச்சிட்டு நெத்தியிலதான் வெக்கறேன். நீங்களே வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பொட்டு ஒரு சாண் மேலே இருந்தது. சென்சாரை மறைத்துக்கொண்டு தொங்கியது, போன வாரம் நான் ஒட்டிய காகிதம்: 'இங்கே குங்குமம் வைக்காதீர்கள்.' சூட்டில் பசை விட்டுப்போயிருந்தது.

பிய்த்து எடுத்துவிட்டு ரீசெட் அழுத்தினேன். கை இறங்கி வேலையைத் தொடங்கியது. அப்பாடா! எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கஸ்டமர் வந்து பார்த்துத் திருப்தியாகக் கிளம்பிப்போனார்.

"திரும்ப ஒட்டறதுன்னா சொல்லுங்க சார், எடத்த தொடச்சு வெக்கறேன்" என்றார் அக்கா. சிரிக்காமல்தான் சொன்னார்.

காகிதம் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நேற்றைய பதிவில் அந்த இருபது வருடத்தைக் கொஞ்சம் நீட்டலாம் என்றிருக்கிறேன்.

எத்தனை போடலாம், சொல்லுங்கள்.