வேர்வை நின்ற நாள்

வெயிலைப் பற்றி என்னிடம் யாரும் பேச முடியாது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வருஷம் வளைகுடாவில், பாலைவனத்துக்கு நடுவே குழாய் பதிக்கிற வேலை. திரும்பி வந்து கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். கத்திரி வெயிலில் யாராவது "முடில சார்" என்று உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பு வரும். "இதெல்லாம் ஒரு வெயிலாய்யா?" என்று ஆரம்பித்துவிடுவேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவர்கள், நான் வாயைத் திறந்ததுமே எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். அதையும் என் சாமர்த்தியம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பாலைவனத்தில் உடம்பை மூடித்தான் வைக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, தலையையும் முகத்தையும் சுற்றித் துணி, வெளியே கண் மட்டும். அடுப்பைத் திறந்தது போல் காற்று வரும், ஆனால் அதில் ஈரம் துளிகூட இருக்காது. வேர்ப்பது நமக்கே தெரியாது. தோலுக்கு வந்த உடனே காய்ந்துவிடும். சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் முதுகுப் பக்கம் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும், அவ்வளவுதான். எவ்வளவு வேலை செய்தாலும் உடம்பு காய்ந்தே இருந்தது. அதனால் காய்ந்த உடம்பு என்றால் வெயிலுக்குப் பழகிய உடம்பு என்று என் மனதில் பதிந்துவிட்டது.

என் அக்காவின் கணவர் ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் பயிரிடுகிறவர். ஒரு கோடையில் அவருடைய போர்வெல் கைவிட்டது. "சும்மா குந்திக்கினு இருக்க முடில மச்சான். ரெண்டு மாசத்துக்கு எதுனா வேல இருந்தா சொல்லு" என்றார். எங்கள் மில்லிலேயே கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டேன். கம்பிகளைத் திறந்தவெளி யார்டில் கட்டுக் கட்டாக இறுக்கிக் கட்டுகிற வேலை. அக்கா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவுர பாத்துக்கடா. முடிலன்னு வாயத் தொறந்து சொல்ற ஆளு இல்ல அவுரு."

மாமா முதல் நாள் பனியனும் தோளில் துண்டுமாக வந்து நின்றார். வயலிலும் அப்படித்தான். விடியற்காலையில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுவார். நான் விடவில்லை. முழுக்கைச் சட்டை கொடுத்து, என் கையாலேயே தலையையும் கழுத்தையும் சுற்றித் துணி கட்டிவிட்டேன். "இன்னாத்துக்கு மச்சான் எனக்கு முக்காடு?" என்று சிரித்தார். இரண்டாம் நாள் அவிழ்த்துப் போட்டார். பத்துப் பேர் முன்னால் சத்தம் போட்டேன். அதற்கப்புறம் அவிழ்க்கவில்லை. கொண்டுவந்து சேர்த்தவன் நான். என் பேச்சை மீறினால் எனக்குத் தலைகுனிவு என்று நினைத்திருப்பார்.

இரண்டு வாரம் அப்படியே போனது. அன்றைக்குக் காற்றே இல்லை. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் மத்தியானம் தாண்டியும் கடற்காற்று வரவில்லை. புழுக்கம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. எல்லார் சட்டையும் பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு நனைந்திருந்தது.

மாமா நான் இருந்த கேபினுக்கு வந்தார். "மச்சான், ஒரு மாரியா கீது. காத்தால அப்டி ஊத்திச்சி. இப்போ வேர்வையே வர்ல" என்றார். நான் அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, சுட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். "அதான் மாமா நல்லது! ஒடம்பு பழகிடுச்சி. அங்க நாங்கல்லாம் இப்டித்தான் இருந்தோம். இன்னும் நாலு கட்டுதானே, முடிச்சிட்டு வந்துரு" என்று முதுகில் தட்டினேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது கால் கொஞ்சம் பின்னியது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது கட்டை இறுக்கும்போது விழுந்தார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை. "மடைய அடைங்கடா, தண்ணி வீணாப் போவுது" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பேராகத் தூக்கி, மில் கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் கிடத்தினோம். மேலே வெயில் படக்கூடாதென்று துணியை இன்னும் இழுத்து மூடினேன். அங்கே கரும்புச்சாறு வண்டி வைத்திருக்கும் அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினார். "மூட்டையாட்டம் கட்டி வெச்சிக்கீறியே, உனுக்கு அறிவு கீதா? மொதல்ல அத்த அவுத்துப் போடு!" சட்டையைக் கிழித்ததும் அந்த அம்மாதான். வண்டியில் இருந்த ஐஸ் கட்டியை உடைத்து அக்குளிலும் கழுத்திலும் வைத்து, குடத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றி, அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். நான் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க ஓடினேன். நான் செய்தது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "வேர்வை எப்ப நின்னுதுன்னு தெரியுமா?"

"தெரியல சார்" என்றேன்.

பதினோரு நாள் கழித்து மாமாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பிவிட்டது. ஆனால் சூடு மூளையைத் தொட்டுவிட்டதாம்; உடம்பைத் தள்ளாடாமல் நிறுத்துகிற பிடிமானம் போய்விட்டது. பேச்சு குழறுகிறது, கை நடுங்குகிறது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வரப்பில் நடக்க முடியாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்.

விழுந்த நாளைப் பற்றி அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. கேபினுக்கு வந்தது, என்னிடம் சொன்னது, நான் திருப்பி அனுப்பியது எதுவும் இல்லை. மற்றவர்கள் சொன்னதை வைத்து அவராக ஒன்றைக் கட்டிக்கொண்டார். "மச்சான் தூக்கிக்கினு ஓடலன்னா என்ன அன்னிக்கே எரிச்சிருப்பாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கரும்புச்சாறு விற்கிற அம்மாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவ்வளவு கோழை நான்.

எட்டு மாதம் தாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா தூங்கும்போது, பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"அவுரா வந்து சொன்னாரா?"

"ஆமாக்கா."

"முடிலன்னு அவுரே வந்து சொன்னாரா?"

"ஆமா."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மூடவில்லை. அடித்திருந்தால் தேவலை. என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அவுர்கிட்ட இத சொல்லாத. நடக்க முடியாத மனுசன், என் மச்சான் இருந்தான் பொழச்சேன்னு சொல்லிக்கினு தெம்பா கீறாரு. அத்தையும் அவுர்கிட்டேர்ந்து புடுங்கிடாத."

மன்னித்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது மில்லில் நான் வெயில் கதை பேசுவதில்லை. யாராவது முடியவில்லை என்றால் நிழலுக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். பைத்தியம் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுவது காதில் விழுகிறது. பேசட்டும்.

போன மாதம் கத்திரி ஆரம்பிப்பதற்கு முன் ஊத்துக்கோட்டைக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது மாமா நாற்காலியில் இருந்தபடியே என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா கதவருகில் நின்றிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி அவர் சொன்னார்.

"லீவு போட்டுட்டு இங்க வந்துரு மச்சான். அந்தச் சூட்டுல ஒனக்கு ஒண்ணுன்னா, ஒன்னாட்டம் பாத்துக்க அங்க யாரு கீறாங்க?"