மடியில் புளியங்கட்டை

எங்கள் டீசல் பிக்கப்புக்கு நன்றாக வயதாகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் போன் பண்ணும்போதெல்லாம் அதை எடைக்குப் போடச் சொல்வாள். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பேச்சே ஆகாது. காலையில் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார். ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்ப்பார். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க இத்தனை அக்கறை கிடையாது.

அந்த வண்டிக்கு ஜெனரேட்டர் இழுக்கும் வேலை. இரண்டு சக்கர டிராலியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய இரும்புப் பிசாசும் எங்களுடையதுதான். சித்தூரில் கல்யாணம், திருப்பதியில் ரிசப்ஷன், காளஹஸ்திப் பக்கம் கூட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கொக்கி மாட்டி இழுத்துப் போவோம். டிராலிக்குத் தனியாக பிரேக் கிடையாது. ஏற்றத்தில் வண்டி நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை கொடுக்க ஓர் ஆள் வேண்டும். சம்பளம் இல்லாத அந்த ஆள் நான்தான். முக்கோணமாகச் செதுக்கிய புளியங்கட்டை ஒன்று வழி முழுக்க என் மடியில் இருக்கும். மற்ற பெண்கள் மடியில் கைப்பை வைத்துக்கொண்டு போவார்கள்.

எங்கள் சபையில் ஜெபிக்காமல் யாரும் பயணம் கிளம்புவதில்லை. இவர் அதற்கென்று ஒரு முறையே வைத்திருந்தார். சாவியைத் திருப்பி, ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் பண்ணுவார். கட்டையை எடுத்து நான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் தயாரான பிறகுதான் ஜெபம். ஆமென் என்ற வாயோடு கியர் விழ வேண்டும். ஜெபம் முடிந்த பிறகு இறங்குவதும் ஏறுவதும் மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. கோயிலுக்குள் போவதுபோல வண்டியிலும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுதான் கண்ணை மூடுவார். ஜெபமும் லேசில் முடியாது. சபை, சொந்தம், ஊர், நாடு எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வண்டிக்கு வருவார். அதனால் நான் ஒரு கண்ணை லேசாகத் திறந்தே வைத்திருப்பேன். எங்கள் வாசல் சமதரை. அங்கே இந்த முறையால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம், புயல் மழை அடித்து ஓய்ந்த ஒரு காலையில் அக்கா போன் பண்ணினாள். பலமனேரைத் தாண்டி ஒரு சிற்றூரில் தனியாகக் கோழிப்பண்ணை நடத்துகிறவள் அவள்.

“பாப்பா, கரண்ட் கம்பம் சாஞ்சிபூட்ச்சி. நேத்துதான் குஞ்சு எறக்கினேன். பல்பு எரியல. குளுர் தாங்காம மூலையில ஒன்னுமேல ஒன்னு ஏறிக்கினு கீது. கரி கொளுத்தி வெச்சேன், பத்தல. பொழுதுக்குள்ள ஜெனரேட்டர் வர்லன்னா எல்லாம் போச்சி.”

புதிதாகப் பொரிந்த குஞ்சுக்குச் சூடு இல்லையென்றால் இப்படித்தான் குவியும். அடியில் இருப்பது நசுங்கிச் சாகும். கோடையில் ஏற்கெனவே ஒரு தொகுதி வெயிலில் போயிருந்தது. இதுவும் போனால் கொட்டகையைப் பூட்டிவிட்டு மகன் வீட்டோடு போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகளிடம் காபி கேட்டு வாங்கிக் குடிக்கிற ஜாதி இல்லை என் அக்கா. அது அவளுக்கு ஜெயில்தான்.

இவர் கொக்கியில் பின்னைச் செருகி, சங்கிலியை இரண்டு சுற்று சுற்றினார். ஜெபித்தோம். கிளம்பினோம்.

வழியில் மொகிலி மலை ஏற்றத்தில் சாலையை அகலமாக்கிவிட்டார்கள், ஏற்றத்தை யாரும் குறைக்கவில்லை. பாதி மலையில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. முன்னால் குபுகுபுவென்று ஆவி. ஓரம் கட்டி நிறுத்தியதும் நான் குதித்து இறங்கிக் கட்டையைக் கொடுத்தேன். ரேடியேட்டர் குழாயில் கிளிப் தளர்ந்து தண்ணீரெல்லாம் போயிருந்தது. சூடு அடங்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. அவர் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தக்காளி ஏற்றிக்கொண்டு மலை இறங்கி வந்த லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, “ஏமாயிந்தி அக்கா?” என்று தெலுங்கில் என்ன ஆச்சு எனக் கேட்டார். “ஏமி லேதுப்பா, ஒன்னுமில்ல, நீ போ” என்றேன். என் கண்ணுக்குள் மூலையில் குவிந்த குஞ்சுகள்தான் தெரிந்தன.

கிளிப்பை முறுக்கி, தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி பிரேக்கை மிதித்துக்கொண்டார். “கட்டைய எடுத்துக்கினு ஏறுமே” என்றார். ஏறினேன். நின்ற வண்டி மறுபடி கிளம்பினால் அதுவும் புதுப் பயணம். செருப்பைக் கழற்றினார், காலை இழுத்துக்கொண்டார், கண்ணை மூடினார். அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் பார்வைக்கு மட்டும்தான் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பழக்கம் அதையெல்லாம் யோசிக்க விடவில்லை.

ஜெபத்தில் ஸ்தோத்திரம் முடிந்து சபைக்கு வந்திருந்தார். என் திறந்த கண்ணுக்கு ஜன்னலில் ஒரு வேப்பமரம் தெரிந்தது. அந்த மரம் மெல்ல முன்னால் போய்க்கொண்டிருந்தது.

“யோவ், வண்டி பின்னாடி போவுதுய்யா! கண்ணத் தொற!”

கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் அவரை யோவ் என்றது அன்றுதான். அந்த மனிதர் கண்ணைத் திறந்து முதலில் தேடியது பிரேக்கை அல்ல, செருப்பை. நான் கதவைத் திறந்து குதித்தேன். டிராலி மடங்கி, மலைப் பக்கத்துக் கால்வாயை நோக்கித் திரும்பியிருந்தது. கட்டையைப் பின் சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையை இழுத்தேன். டயர் கட்டைமேல் பாதி ஏறி, ஒரு முனகல் முனகி, நின்றது. வெறுங்காலால் அவர் பிரேக்கை மிதித்ததும் அதே நேரம்தான் என்கிறார். கட்டைதான் நிறுத்தியது என்கிறேன் நான். இன்றைக்கும் இந்த வழக்கு தீரவில்லை.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதேன், அழுகையோடு சிரிப்பும் வந்தது. கொக்கி வளையவில்லை, ஜெனரேட்டர் சாயவில்லை, மனிதருக்கு ஒரு கீறல் இல்லை. அவர் இறங்கி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஆயில் கம்பியைப் பார்க்கிற அதே கவனம். “எல்லாம் கீது இல்ல?” என்றார். “கீது. செருப்பு கெடச்சுதா?” என்றேன்.

வெயில் தாழும்போது அக்கா வீட்டு வாசலில் நின்றோம். அவள் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, ஒயரைத்தான் பார்த்தாள். ஜெனரேட்டர் உறுமியது. கொட்டகையில் மஞ்சள் பல்புகள் எரிந்தன. மூலையில் கிடந்த குவியல் முதலில் அசையவே இல்லை. பிறகு மேலிருந்து ஒன்று இறங்கியது. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தரை முழுக்கப் பரவி, தீவனத் தட்டைக் கொத்த ஆரம்பித்தன. அடியில் சில செத்திருந்தன. மற்றதெல்லாம் பிழைத்துவிட்டது. அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, “நான் எங்கியும் போவல பாப்பா” என்றாள்.

பிறகு என் வீட்டுக்காரரை ஜெபிக்கச் சொன்னாள். இவர் “இரு” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் எட்டிப் பார்த்தேன். பலகைபோல் மட்டமான களத்தில் எங்கும் உருளப் போகாமல் நின்ற வண்டிக்கு, கட்டையைக் கொடுத்துக் காலால் இரண்டு உதை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினார். சபை, சொந்தம், ஊர் என்று ஆரம்பித்தார்.

அன்று நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.